நீதிமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரின் சிலை நம் ஊர்கள் பலவற்றில் நிற்கின்றது. ஒரு கையில் நூலும், தொலைவைச் சுட்டும் விரலோடு மறு கையுமாக நிற்கும் அவ்வுருவத்தைக் கண்டதும், அரசியலமைப்பை வரைந்த மேதை என்று நம் சிறுவர்களும் சொல்லிவிடுவர். ஆனால், அம்மேதை வரைவுக் குழுவின் தலைவராவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர் என்பதும், குற்ற வழக்கு, பொது உரிமை வழக்கு, தொழிலாளர் தகராறு ஆகியவற்றின் நெளிவு சுளிவுகளை அருகிருந்து கண்டவர் என்பதும் நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. நீதிமன்றம் எதைத் தரும், எதைத் தராது என்பதை அவர் தம் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக நம் இளைஞர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

இளமையும் கல்வியும்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் படைவீட்டு நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும், படைப்பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர். அன்னை பீமாபாய் தம் மகனின் சிறு வயதிலேயே மறைந்தார். சதாராவில் தொடங்கிய பள்ளிக் கல்வி பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்தது. 1907-இல் மெட்ரிகுலேசன் தேர்விலும், 1912-இல் இளங்கலைத் தேர்விலும் தேறினார். பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்.

1916-இல் இலண்டன் சென்ற அவர், ஒரே காலத்தில் இரண்டு வாயில்களைத் தட்டினார். ஒன்று இலண்டன் பொருளாதாரப் பள்ளி. மற்றொன்று பாரிஸ்டர்களை உருவாக்கும் கிரேஸ் இன் என்னும் சட்டக்கழகம். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. பரோடா அரசில் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் ஒதுங்கியவரை அங்கிருந்தும் விரட்டினர். கொலம்பியாவில் கற்று வந்த கல்வி, சாதியின் முன் அவருக்கு ஒரு கூரையைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்த தொகையோடு, கோல்காப்பூர் சாகு மகாராசரின் உதவியும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பரின் கடனுதவியும் சேர, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1922-இல் பாரிஸ்டரானார், 1923-இல் பொருளாதாரத்தில் அறிவியல் முனைவர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

கறுப்பு அங்கி

1923-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிந்துகொண்டார். அதற்குரிய சன்னதுக் கட்டணத்திற்கும் நண்பரின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. தொழிலில் நுழைந்த பின்னர் வேறொரு தடை காத்திருந்தது. அக்காலப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில், பாரிஸ்டர் தாமாகக் கட்சிக்காரரிடம் வழக்கைப் பெறுதல் இயலாது. சொலிசிட்டர் என்னும் இடைநிலை வழக்கறிஞரே வழக்கைக் கொண்டுவந்து பாரிஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அச்சொலிசிட்டர்களோ தீண்டப்படாத வகுப்பில் பிறந்த ஒருவரிடம் வழக்குக் கட்டுகளைத் தர முன்வரவில்லை. ஆதலின் அவர் மேல்முறையீட்டுப் பிரிவையும், பம்பாய்க்கு வெளியேயுள்ள மாவட்ட நீதிமன்றங்களையும் நாட வேண்டியதாயிற்று. வருவாய் போதாமையால், 1925 முதல் சில ஆண்டுகள் கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

மாவட்ட நீதிபதி பதவி தம்மைத் தேடி வந்ததையும், அதனைத் தாம் ஏற்க மறுத்ததையும் அவரே பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார். வறுமையில் இருந்த ஒருவர் நிலையான ஊதியத்தையும் மதிப்பையும் மறுத்தது ஏன்? அரசுப் பணியில் அமர்ந்தால் தம் மக்களுக்காகப் பேசும் உரிமை பறிபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1924-இல் ஒடுக்கப்பட்டோர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்து, பரேல் தாமோதர் மண்டபத்தில் அதன் அலுவலகத்தை அமைத்தார். அவ்விடமே அவருடைய வழக்கறிஞர் அலுவலகமாகவும் விளங்கியது. ஆலைத் தொழிலாளர்களும், துப்புரவுத் தொழிலாளர்களும் தத்தம் வழக்குகளோடு அங்கே வந்தனர்.

1928-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். 1935 முதல் 1938 வரை அக்கல்லூரிக்கே முதல்வராக விளங்கினார். சொலிசிட்டர்கள் வழக்குத் தர மறுத்த அதே நகரில், எல்லா வகுப்பு மாணவர்களும் அவரிடம் சட்டம் கற்றனர்.

வென்ற வழக்கும் தோற்ற வழக்கும்

1926-இல் அவர் நடத்திய குற்ற வழக்கொன்று பெரும் பெயர் பெற்றது. பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களான பாக்டே, கேசவராவ் ஜேதே, தினகரராவ் சவல்கர் ஆகியோர், நாட்டின் பகைவர்கள் என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்த மராத்திச் சிறுநூல் தொடர்பாக அவதூறுக் குற்றம் சாட்டப்பட்டிருந்தனர். அவ்வழக்கில் அண்ணல் அவர்களுக்காக வாதாடி வெற்றி கண்டார். அவர்களில் எவரும் அவருடைய வகுப்பைச் சேர்ந்தவரல்லர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

1934-இல் நடந்த மற்றொரு வழக்கில் அவர் தோற்றார். ரகுநாத் கார்வே என்பவர் குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் நலம் ஆகியவை பற்றிய அறிவை மக்களிடையே பரப்பும் பொருட்டு ஒரு மராத்தி இதழை நடத்தி வந்தார். வாசகர் கேள்விகளுக்கு அவர் தந்த விடைகள் ஆபாசமானவை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருக்காக வாதாட முன்வந்தவர் அண்ணலே. உடல்நலம் பற்றிய ஐயங்களுக்கு அறிவியல் முறையில் விடை கூறுவதை ஆபாசம் என்றல் பொருந்தாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். நீதிமன்றம் அதனை ஏற்காமல் கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது. தோல்வி நேரும் என்று அஞ்சி வழக்கை விலக்குவது அவருடைய இயல்பன்று. காலம் சென்ற பின் அரசே முன்வந்து குடும்பநலக் கல்வியைப் பரப்பியதை நாம் அறிவோம்.

ஒரு குளத்தின் வழக்கு

அண்ணலின் வாழ்வில் மிக நீண்ட வழக்கு, அவரே பிரதிவாதியாக நின்ற வழக்காகும். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி கொலாபா மாவட்டத்து மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக 1924-இல் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்து நீரோ எட்டாத தொலைவிலேயே இருந்தது.

1927 மார்ச் 20 அன்று, மாநாட்டிற்குத் திரண்டிருந்த மக்களை அழைத்துச் சென்று அண்ணல் அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன் பின் நிகழ்ந்த தாக்குதலில் நம் மக்கள் பலர் காயமுற்றனர். குளம் தீட்டுப்பட்டதாகக் கூறிச் சடங்குகள் செய்து அதனைத் தூய்மைப்படுத்தினர். ஆகஸ்டு மாதம் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையும் நீக்கிக்கொண்டது. அதனை எதிர்த்து, டிசம்பர் 25-இல் மீண்டும் மகாடில் கூடி, சத்தியாக்கிரகம் செய்வதென முடிவாயிற்று.

அந்நிலையில் சாதி இந்துக்கள் சிலர் டிசம்பர் 12 அன்று உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சவுதார் குளம் தங்கள் தனியுடைமை என்றும், அனாதி காலந்தொட்டு வரும் மாமூல்படி தீண்டப்படாதோர் அதனை அணுகலாகாது என்றும் வாதிட்டனர். டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இங்கே அண்ணலின் உள்ளத்தில் எத்தகைய போராட்டம் நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை செல்லவும் துணிந்து திரண்டிருந்தனர். தடையை மீறிக் குளத்தில் இறங்கினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால், வழக்கில் தம் கட்சி வலுவிழக்கும். தடைக்குப் பணிந்தால் மக்கள் மனம் சோரும். அவர் நெடிது ஆராய்ந்து, தொண்டர்களிடம் விளக்கி, சத்தியாக்கிரகத்தை ஒத்திவைத்தார். அம்மாநாட்டில் மனுநீதி நூல் எரிக்கப்பட்டது. ஊர்வலம் குளத்தைச் சுற்றி வந்தது. எவரும் நீரில் கை வைக்கவில்லை. ஒரு தலைவருக்கு இதனினும் கடினமான முடிவு உண்டோ?

இடைக்காலத் தடை 1928 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. ஆயினும் மூல வழக்கு நடந்துகொண்டே இருந்தது. சாட்சிகளும் ஆவணங்களும் ஆராயப்பெற்றன. 1931-இல் விசாரணை நீதிமன்றம் அண்ணலின் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பார் தாணாவில் மேல்முறையீடு செய்தனர். 1933-இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நீதிபதிகள் புரூம்பீல்டும் வாடியாவும் அதனை விசாரித்தனர். 1922-இல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தவரும் இந்தப் புரூம்பீல்டே. 1937 மார்ச் 17 அன்று அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். வழக்கு தொடுக்கப்பட்ட நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளும் மூன்று மாதங்களும் கடந்திருந்தன.

தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

அத்தீர்ப்பை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். குளம் நகராட்சிக்கு உரியது. தீண்டப்படாதோரை விலக்கும் மாமூல் அனாதி காலமாக நிலவியது என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை. ஆகவே அவர்கள் கேட்ட பரிகாரம் இல்லை. இவ்வளவே தீர்ப்பின் சாரம். அம்மாமூல் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் என்னவாகும்? அது நியாயமற்றதா, பொது நலனுக்கு மாறானதா என்பதை அப்போது ஆராய வேண்டியிருக்கலாம் என்றும், ஆனால் கீழ் நீதிமன்றங்களில் அவ்வாறு வாதிடப்படவில்லை என்றும் நீதிபதிகள் குறித்துவிட்டு நிறுத்திக்கொண்டனர்.

அதாவது, நம் மக்கள் வென்றது எதிரியின் சாட்சியம் போதாமையால். தீண்டாமை தவறு என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. அவ்வாறு கூறும் சட்டம் அன்று நாட்டில் இல்லை. வேறோர் ஊரில், வேறொரு குளத்திற்கு, வலுவான சாட்சியங்களோடு மற்றொருவர் வழக்குத் தொடுத்தால் தீர்ப்பு மாறியும் போகலாம். நீதிமன்றம் இருக்கின்ற சட்டத்தைக்கொண்டே தீர்ப்பு வழங்கும். இல்லாத உரிமையை வழங்குதல் அதன் வேலையன்று. ஆகவே வழக்கை நடத்தும் கையே சட்டத்தை ஆக்கவும் வேண்டும் என்பதை இவ்வழக்கு நன்கு உணர்த்துகின்றது. அண்ணலின் பிற்காலப் பணிகள் அனைத்தையும் இவ்வொளியில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வழிவழி வந்த அடிமைத்தனம்

மரபுரிமை என்றால் வீடும் நிலமும் நம் நினைவிற்கு வரும். மராட்டிய நாட்டு மகர் மக்களுக்கோ அடிமை வேலையும் மரபுரிமையாக வந்தது. வத்தன் என்னும் முறைப்படி, ஊர்ப் பணி செய்யும் மகர் குடும்பத்திற்குச் சிறிதளவு நிலம் உண்டு. அந்நிலத்திற்கு ஈடாக இரவென்றும் பகலென்றும் பாராமல் அரசு அலுவலர் ஏவிய பணிகளைச் செய்தாக வேண்டும். அழைக்கப்பட்டவர் இல்லையேல் அவருடைய தந்தையோ மகனோ செல்ல வேண்டும். 1874-ஆம் ஆண்டுப் பம்பாய் மரபுவழிப் பதவிகள் சட்டம் இம்முறைக்குக் காப்பாக நின்றது. தந்தையின் நிலத்தோடு தந்தையின் தாழ்வும் மகனைச் சேர்ந்தது.

நீதிமன்றத்தால் உடைக்க முடியாத இவ்விலங்கை, சட்டசபை உறுப்பினராக இருந்த அண்ணல், 1928 மார்ச்சு மாதம் ஒரு திருத்த மசோதாவின் மூலம் உடைக்க முயன்றார். அது நிறைவேறவில்லை. ஆனால் அவர் வித்திட்டது வீண்போகவில்லை. அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், 1958-இல் பம்பாய் மாநிலம் தாழ்நிலை ஊர் வத்தன்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது.

உழைப்பவர் உரிமை

1936-இல் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1937 தேர்தலில் வென்று சட்டமன்றத்தில் அமர்ந்தார். மறு ஆண்டு பம்பாய் அரசு தொழில் தகராறு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. சமரசப் பேச்சு முடியும் முன் வேலைநிறுத்தம் செய்தால், அது சட்ட விரோதமாகும். தொழிலாளி சிறைத் தண்டனைக்கும் ஆளாவான்.

அண்ணல் அதனை எதிர்த்துப் பேசியது ஒரு தேர்ந்த வழக்கறிஞரின் வாதமாகும். வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்ட ஒருவன் வரவில்லையெனில் அது ஒப்பந்த மீறல். அதற்கு உரிமையியல் முறையில் இழப்பீடு கேட்கலாம். அதையே குற்றமாக்கிச் சிறைக்கு அனுப்புவதாயின், ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாக வேலை வாங்குவதாகும். அதன் பெயர் அடிமைத்தனம். இவ்வாறு உரிமையியல் தவற்றுக்கும் குற்றத்திற்கும் இடையேயுள்ள கோட்டை அவர் சட்டமன்றத்திற்குக் காட்டினார். அவையில் பெரும்பான்மை எதிர்த்தரப்பில் இருந்தமையால் மசோதா நிறைவேறிற்று. 1938 நவம்பர் 7 அன்று அவருடைய கட்சியும் பிற தொழிற்சங்கங்களும் இணைந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தின.

1942 ஜூலையில் அவரே வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் முத்தரப்பு மாநாடு அவ்வாண்டே கூடியது. தொழிற்சங்கத்தை நிருவாகம் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்னும் மசோதாவை 1943-இல் கொண்டுவந்தார். ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேர வரம்பு, 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. எதிர்க்கட்சி இருக்கையில் வாதிட்டவர், அதிகாரம் கைக்கு வந்ததும் அவ்வாதத்தை மறந்துவிடவில்லை.

அரசியலமைப்பில் வழக்குகளின் நிழல்

1947 ஆகஸ்டு 29 அன்று வரைவுக் குழு அமைக்கப்பட, அண்ணல் அதன் தலைவரானார். அரசியலமைப்பு பலர் கூடி ஆக்கியது, ஒருவரே ஆக்கியதன்று. எனினும் அதன் பிரிவுகளைப் படிக்கும்போது அண்ணல் கண்ட வழக்குகளின் நிழல் அவற்றில் படிந்திருப்பதை உணரலாம்.

கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்த எக்குடிமகனுக்கும் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. சவுதார் குளத்து வழக்கில் நீதிபதிகள் விடை கூறாது விட்ட வினாவுக்கு இதோ விடை. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவை அரசியல் நிருணய சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றது. மாமூல் எத்துணைப் பழமையானதாயினும் இனி அது நீதிமன்றத்தில் செல்லாது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவு, வத்தன் போன்ற முறைகளின் வேரை அறுத்தது. சங்கம் அமைக்கும் உரிமையை 19-ஆம் பிரிவு தந்தது.

குற்ற மேல்முறையீட்டிலும் ஒரு குறை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் குற்ற வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் செல்வது தனி அனுமதி பெற்ற அரிய வேளைகளில் மட்டுமே. கீழ் நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவனுக்கு உயர் நீதிமன்றம் முதன்முதலாகத் தூக்குத் தண்டனை விதித்தால், அவனுக்கு அதன்மேல் முறையிட ஓர் உரிமை வேண்டாமா? 1949-இல் இதுபற்றி நெடிய விவாதம் நிகழ்ந்தது. அத்தகையோர் உச்ச நீதிமன்றத்திற்கு உரிமையோடு மேல்முறையீடு செய்ய வழிசெய்யும் பிரிவை அண்ணல் முன்மொழிந்தார். அதுவே இன்றுள்ள 134-ஆம் பிரிவு. உரிமை பறிக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகலாம் என்னும் 32-ஆம் பிரிவையே அவர் அரசியலமைப்பின் உயிராகக் கருதினார்.

17-ஆம் பிரிவுக்குச் செயல்வடிவம் தர 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976 முதல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப்படுகின்றது. பட்டியல் வகுப்பார் ஒருவருக்கு எதிராக அச்சட்டம் கூறும் குற்றம் இழைக்கப்பட்டால், அது தீண்டாமையின்பாற்பட்டதே என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. 2018 மார்ச் 20 அன்று, மகாட் நீர் பருகிய அதே நாளில், உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின்கீழ்க் கைது செய்வதற்குப் புதிய கட்டுப்பாடுகளை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. அவ்வாண்டே நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமும் தன் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற்றது. பெற்ற உரிமையைக் காத்துக்கொள்ளவும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மகளுக்கும் பங்கு

சட்ட அமைச்சராக அண்ணல் மேற்கொண்ட பெரும்பணி இந்து சட்ட மசோதா. அன்றைய மிதாட்சரச் சட்டப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்கே பிறப்புரிமை. கைம்பெண்ணுக்குக் கிடைத்ததும் ஆயுட்கால அனுபவம் மட்டுமே. மகளுக்கு மகனோடு ஒத்த பங்கும், பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல் முழு உரிமையும் தருதல் மசோதாவின் நோக்கம். நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் விவாதம் நீண்டது, எதிர்ப்பு வலுத்தது, 1951 செப்டம்பரில் மசோதா கைவிடப்பட்டது. அதனை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டி அண்ணல் பதவியைத் துறந்தார். தம் வகுப்புக்குச் சலுகை வேண்டிப் பதவி துறந்தவர் உண்டு. நாட்டின் பெண்மக்கள் அனைவருடைய சொத்துரிமைக்காகப் பதவி துறந்த அமைச்சர் வேறெவர்?

கைவிட்ட மசோதா பின்னர்ப் பகுதி பகுதியாக உயிர் பெற்றது. 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று அண்ணல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. அதனைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத மகளிர்க்கு வழங்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் அவ்வுரிமை வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தையும் 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்து, அவ்வாறு வேண்டியதில்லை என்றது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், 1956-க்கு முன் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மகளையே சேரும் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கு 1994-இல் விசாரணை நீதிமன்றத்திலும், 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றிருந்தது. நம் குடும்பங்களில் பாகப்பிரிவினை எழுதும்போது தங்கையையும் அக்காளையும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடச் சொல்லும் ஆண்மக்கள், அண்ணல் எதற்காகப் பதவி துறந்தார் என்பதை ஒரு கணம் எண்ண வேண்டும்.

இளைஞர்களுக்கு

அண்ணலின் வழக்கறிஞர் வாழ்வு நமக்குக் கூறுவன இரண்டு. முதலாவது, உரிமை நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. அதற்குரிய சான்று நம் கையில் இருக்க வேண்டும். பட்டா, தீர்வை ரசீது, சம்பளச் சீட்டு, சாதிச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பரணில் செல்லரிக்க விடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் வகுப்பாருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அவ்வாறே. மாவட்ட நீதிமன்றத்திலும் வட்ட நீதிமன்றத்திலும் உள்ள அவ்வலுவலகத்தின் வாயிலை நம்மவரில் எத்தனை பேர் மிதித்திருக்கின்றனர்?

இரண்டாவது, சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு புதிய தொகுப்புகள் வந்துள்ளன. அவற்றைப் படித்து உழைக்கும் மக்களுக்கு எடுத்துரைக்க நம்முள் சட்டம் கற்றோர் வேண்டும். நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் விரும்புதல் நன்றே. ஆயினும் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிடினும், தெருவுக்கு ஒருவராவது சட்டம் பயில வேண்டும். அவர்களுக்கு நூலும் கட்டணமும் தந்து துணை நிற்றல் நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகட்டும். சன்னதுக்குப் பணமின்றி நண்பரின் வாயிலில் நின்ற அண்ணலின் நிலை, நம் பிள்ளைகளில் எவருக்கும் இனி நேரக்கூடாது.